மருந்துக்கு ஒரே ஒரு தேதி மட்டும் இல்லை

போன மாதம் சிங்கப்பூரின் ஈசூனில் அம்மா வீட்டு அலமாரியை ஒழுங்குபடுத்தப் போனேன். ஒரு பழைய மைலோ டின் நிறைய மருந்து. கையில் முதலில் வந்தது கத்தரிக்கோலால் வெட்டிய பாதி மாத்திரை அட்டை. நான்கு மாத்திரை மீதி இருந்தது. தேதி அச்சிட்ட முனையைக் காணவில்லை. "எப்ப வாங்கினதும்மா?" என்று கேட்டேன். "போன தீபாவளிக்கு... இல்ல, அதுக்கு முந்தின தீபாவளிக்கு" என்றார்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். அட்டையை வெட்டாதீர்கள். தேதி இருக்கும் முனையைக் கடைசிவரை விட்டுவைத்து, மறுமுனையிலிருந்து மாத்திரையை எடுங்கள். 08/2026 என்று மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அந்த ஆகஸ்ட் 31 வரை பயன்படுத்தலாம்.

ஆனால் அந்தத் தேதி, பிரிக்காத மருந்துக்குத்தான். திறந்த நாளிலிருந்து வேறு கணக்கு. கண் சொட்டு மருந்துகள் பெரும்பாலும் திறந்த 28 நாளில் தூக்கிப்போட வேண்டியவை. குப்பியின் முனை இமையில் பட்டாலே கிருமி உள்ளே போகும், கண்ணோ கிருமியைத் தாங்காது. பிள்ளைகளுக்குத் தண்ணீர் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்து, வகையைப் பொறுத்து 7 முதல் 14 நாள் வரைதான். மீதியை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்துவைக்கவே கூடாது. நான் இப்போது எந்தக் குப்பியைத் திறந்தாலும் அன்றைய தேதியைப் பேனாவால் எழுதிவிடுகிறேன்.

அப்புறம், வைக்கும் இடம். 30 டிகிரிக்குக் கீழே, ஈரமில்லாத இடத்தில் வைக்கச் சொல்லிப் பல பெட்டிகளில் போட்டிருக்கும். இந்த ஊரில் மதிய வெயில் சாதாரணமாகவே 31, 32 டிகிரி, காற்றிலும் எப்போதும் ஈரம். குளியலறை அலமாரியும் அடுப்புக்கு மேல்தட்டும் மோசமான இடங்கள். ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், ஈரம் பட்டு மருந்து சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்காக எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் திணிக்காதீர்கள். வெளியே எடுக்கும்போதெல்லாம் வியர்த்து, அங்கேயும் ஈரம் சேரும். இன்சுலின் போல, வைக்கச் சொன்னதை மட்டும் வையுங்கள், உறையவும் விடாதீர்கள்.

"தேதி தாண்டினாலும் மருந்து நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் கையிருப்பை 1986 முதல் சோதித்ததில், பல மருந்துகள் தேதிக்குப் பிறகும் வீரியம் குறையாமல் இருந்தது உண்மைதான். ஆனால் அவை பிரிக்காமல், சரியான வெப்பத்தில் பாதுகாத்தவை. மைலோ டின்னுக்கு அது பொருந்தாது.

பழைய மருந்து விஷமாகும் என்று பயப்படுகிறோம். பெரும்பாலும் நடப்பது அது வேலை செய்யாமல் போவதுதான், அதுவே ஆபத்து. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைப் பாருங்கள். அதன் மருந்து ஆவியாகக் கூடியது, பிளாஸ்டிக்கும் அதை உறிஞ்சும். கண்ணாடிக் குப்பியில் வருவது அதனால்தான். தாத்தாவின் வசதிக்காகப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால், வலி வரும் ராத்திரியில் அது கைகொடுக்காமல் போகலாம்.

கழிக்க வேண்டியதைக் கழிப்பறையிலோ பாத்திரம் கழுவும் தொட்டியிலோ ஊற்றாதீர்கள். மருந்துத் தண்ணீரைப் பழைய டிஷ்யூவில் உறிஞ்சவிட்டு, மாத்திரைகளோடு பையில் போட்டு இறுக ஒட்டிக் குப்பையில் போடுங்கள். இங்கே வீட்டுக் குப்பை எரியாலைக்குத்தான் போகிறது. அம்மாவின் டின்னிலிருந்து இரண்டு பை அப்படிப் போனது.