வீடியோவுக்கு லென்ஸ்: பணம் வீணாகும் இடங்கள்

டிஎஸ்எல்ஆரில் கல்யாண வீடியோ எடுக்க வரும் புதியவர்கள் ஒரே மாதிரி லென்ஸ்களை வாங்கி, ஒரே மாதிரி தவறுகளில் மாட்டிக்கொள்கிறார்கள். மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் மாட்டும் இடம்) பொருந்துமா, உள்ளே ஃபங்கஸ் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடலாம்.

எஃப் எண்ணுக்கே மொத்தப் பணமும்

எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு (அபெர்ச்சர்) பெரிதாகி வெளிச்சம் கூடும், பின்னணி மங்கும். அதற்காகவே கையில் இருப்பதையெல்லாம் 85 மி.மீ. எஃப் 1.4-இல் கொட்டிவிடுகிறார்கள். லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டருக்கு மிச்சம் இருப்பதில்லை. ஸ்டில்லில் வெளிச்சம் கூடினால் ஷட்டர் வேகத்தை ஏற்றிவிடலாம். வீடியோவில் அந்த வசதி கிடையாது: அசைவு இயல்பாகத் தெரிய, நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மண்டப விளக்குகளில் பட்டை ஓடாமல் இருக்கவும் 1/50 பொருந்தும்.

உச்சிவெயிலில் மண்டப வாசலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நடக்கவிட்டு எடுக்கும்போதுதான் தவறு தெரியும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/50 என்றால் அங்கே அபெர்ச்சர் எஃப் 22 வேண்டும். எஃப் 1.4-இல் திறந்தால் எட்டு ஸ்டாப் வெளிச்சம் கூடுதல் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு). எஃப் 22-க்கு மூடினால் சின்னத் திறப்பில் ஒளி சிதறுவதால் (டிஃப்ராக்ஷன்) கூர்மை போகும், பின்னணியும் மங்காது. அதற்குக் கேமராவோடு வரும் கிட் லென்ஸே போதும். எஃப் 1.4-ஐ விடாமல் ஷட்டரை ஏற்றினால் 1/12800 வரை போக வேண்டும். சாதாரண பாடிகள் 1/4000-இல் நின்றுவிடும். எஃப் 2.8, 1/3200 என்று வைத்தால் எக்ஸ்போஷர் சரியாகும், ஆனால் நடை வெட்டி வெட்டித் தெரியும். எடிட்டிங்கில் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. இத்தனை விலை கொடுத்தும் இந்த நிலை வருவதைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

ஆறு ஸ்டாப் குறைக்கும் என்டி 64 இருந்தால் அதே வெயிலில் எஃப் 2.8, 1/50 கிடைக்கும். உங்கள் லென்ஸ்களிலேயே பெரிய ஃபில்டர் விட்டத்துக்கு, உதாரணமாக 77 மி.மீ.க்கு, ஒன்று வாங்குங்கள். 58, 49 மி.மீ. லென்ஸ்களில் அதை மாட்ட ஸ்டெப்-அப் ரிங் என்ற வளையம் போதும். திருப்பித் திருப்பிக் கருமையைக் கூட்டும் வேரியபிள் என்டியை வைட் லென்ஸில் கடைசி வரை திருப்பாதீர்கள், படத்தின் குறுக்கே எக்ஸ் வடிவில் கருமை விழும்.

மண்டபத்துக்குள்ளும் எஃப் 1.4 காப்பாற்றாது. ஏபிஎஸ்-சி பாடியில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்), இரண்டு மீட்டர் தூரத்தில், ஃபோகஸில் நிற்பது சுமார் 3 செ.மீ. மட்டுமே. தாலி கட்ட மாப்பிள்ளை குனிந்தாலே முகம் மங்கிவிடும். போதாததற்கு அந்தச் சின்ன சென்சாரில் 85 மி.மீ. லென்ஸ் சுமார் 130 மி.மீ. போல நடந்துகொள்ளும்; சின்ன மண்டபத்தில் பின்னால் நகர இடமிருக்காது.

ஓடும்போதே ஜூம்

ஸ்டில் ஜூம்களில் பெரும்பாலானவை ஜூம் செய்யும்போது ஃபோகஸைப் பிடித்து வைப்பதில்லை. 18-55 எஃப் 3.5-5.6-இல் ஜூம் செய்து நெருங்கும்போது வெளிச்சமும் இறங்கும். அபெர்ச்சரை 5.6-இல் வைத்துவிட்டால் வெளிச்சம் மாறாது. ஃபோகஸ் அப்போதும் நகரலாம். ஷாட்டை வெட்டி, ஜூம் மாற்றி, மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள்.

பழைய லென்ஸ், அடாப்டர்

மவுண்டிலிருந்து சென்சாருக்கு நிக்கான் எஃப்-இல் 46.5 மி.மீ., கேனன் இஎஃப்-இல் 44 மி.மீ. ஆகவே நிக்கான் லென்ஸ் 2.5 மி.மீ. வளையத்தோடு கேனனில் உட்காரும். திருப்பிச் செய்தால், அதாவது கேனன் லென்ஸை நிக்கானில் மாட்டினால், அடாப்டருக்குள் கண்ணாடி இல்லாமல் தூரத்துக்கு ஃபோகஸ் வராது. நிக்கான் ஜி லென்ஸில் அபெர்ச்சர் ரிங் கிடையாது. அபெர்ச்சரைக் கட்டுப்படுத்தும் வளையம் உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

மோட்டார் சத்தம்

லென்ஸின் ஃபோகஸ் மோட்டார் சத்தம் கேமரா மைக்கில் பதிவாகும். கேனனில், சத்தம் குறைந்த மோட்டார் உள்ள எஸ்டிஎம் லென்ஸ் எடுங்கள்.

டிரைபாடில் ஸ்டெபிலைசர்

கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசரை, டிரைபாடில் வைத்ததும் ஆஃப் செய்யுங்கள்.