டாக்டர் இல்லாத அன்றும் எச்.ஐ.வி. சிகிச்சை நடக்க: செவிலியர், ஆலோசகர்களுக்கு

நல்ல நிலையில் இருக்கும் எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்குப் பெரும்பாலான நாட்களில் டாக்டரே தேவைப்படுவதில்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் அவர் தினமும் ஒரு மாத்திரை போடுகிறார், மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து வந்து மறுபடி வாங்கிப் போகிறார், அவ்வளவுதான். அவரைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற செவிலியரும் ஆலோசகரும் போதும். பயிற்சி பெற்ற செவிலியரே எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் முதல்கட்டக் கூட்டு மருந்தைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் டாக்டர் பார்த்தவர்களையும் செவிலியர் பார்த்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2010-ல் வந்தது, அதிலும் செவிலியர் கவனிப்பு ஒன்றும் சோடை போகவில்லை. உங்கள் நாட்டு விதி உங்களை எதுவரை அனுமதிக்கிறது என்பதை மட்டும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, யாரை நீங்களே வைத்துக்கொள்ளலாம், யாரை உடனே அனுப்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தொட்டால், நாடி 120-ஐத் தொட்டால், காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ் இருந்தால், துணையில்லாமல் நடக்க முடியாவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்ற போன் நம்பரும் அதே தாளில் இருக்கட்டும், அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

பரிசோதனையில் ஒரு கிட் பாசிட்டிவ் காட்டியதும் முடிவு சொல்லிவிடாதீர்கள், வேறு கிட்களில் உறுதிசெய்த பிறகுதான் சொல்ல வேண்டும். தயாராக இருப்பவருக்கு அன்றே மருந்தைத் தொடங்கலாம். ஆனால் விடாத தலைவலி, வாந்தி, குழப்பம் என்று வந்தவருக்கு அன்று தொடங்கவே கூடாது. மூளைக்காய்ச்சல் இருந்து, அவசரப்பட்டுக் கூட்டு மருந்தை ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. காசநோய்க்கான நான்கு கேள்விகளை (இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை) ஒவ்வொரு தடவையும் கேளுங்கள், போன மாதம் கேட்டாயிற்றே என்று விடாதீர்கள். வேறு என்ன மாத்திரை போடுகிறார் என்பதையும் கேட்க வேண்டும். டோலுடெக்ராவிர் (எச்.ஐ.வி. கூட்டு மருந்தில் ஒன்று) எடுப்பவர் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால், தினம் ஒரு வேளை 50 மில்லிகிராம் என்பது இரண்டு வேளையாக, வேளைக்கு 50 மில்லிகிராமாக வேண்டும். வயிற்றெரிச்சலுக்கு ஆன்டாசிட் போடுபவர் அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் டோலுடெக்ராவிரைப் போட வேண்டும்.

இனி பேச்சு. உங்கள் வேலையில் பாதி இதுதான் என்பேன். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் "போடுறேன்" என்றுதான் பதில் வரும், யார்தான் இல்லையென்பார்? "எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும், இந்த நாலு நாள்ல உங்களுக்கு எத்தனை விட்டுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் வாயைத் திறக்காமல் கொஞ்சம் காத்திருங்கள். ஷிஃப்ட் மாறியது, வீட்டில் யாருக்கும் தெரியாமல் டப்பாவை ஒளிக்க இடமில்லை, குடி, பஸ்ஸுக்குக் காசில்லை என்று உண்மையான காரணம் அப்போதுதான் வெளியே வரும். காரணம் தெரியாமல் அறிவுரை சொல்லிப் பிரயோஜனமில்லை. டப்பாவில் மருந்தின் பெயர்தான் பிரச்சினை என்றால் வேறு டப்பாவில் மாற்றிக் கொடுத்தாலே சரியாகிவிடும்.

வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற பரிசோதனை, மருந்து தொடங்கிய ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், அப்புறம் வருடம் ஒருமுறை. ஒரு மில்லிலிட்டருக்கு 1000-க்கு மேல் வந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்; மேலே சொன்ன பேச்சைத் தீவிரமாக நடத்தி, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள், அப்போதும் இறங்காவிட்டால் டாக்டரிடம் அனுப்புங்கள். கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைச் சொல்ல ஏனோ பல ஆலோசகர்கள் தயங்குகிறார்கள். எத்தனையோ பேர் வருடக்கணக்காக இந்த ஒரு பயத்தோடே படுத்து எழுகிறார்கள்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதானால் முதலில் அவரிடம் கேளுங்கள். அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நின்றால் தெருவுக்கே சேதி சொன்ன மாதிரி.

உங்களுக்கே ஊசி குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் போட வேண்டும்.