ஆங்கிலப் பேச்சில் மீன் வந்தால் எப்படிப் புரிந்துகொள்வது

கிருஷ்ணகிரியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். பர்கூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் பலர் ஓசூர் சிப்காட்டில் வேலை தேடுகிறவர்கள். இலக்கணம் நன்றாக வரும். ஆனால் மீட்டிங்கில் யாராவது 'சம்திங் ஃபிஷி' என்றால் முழிப்பார்கள்.

இதற்காக மரபுத்தொடர் பட்டியலை உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டாம், நாலு நாளில் மறந்துபோகும். அந்தத் தொடரில் மீன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சட்டியிலா, தூண்டிலிலா, தண்ணீரிலா? நாற ஆரம்பித்துவிட்டதா? இடம் பிடிபட்டால் பாதி அர்த்தம் வந்துவிடும்.

முதலில் சட்டி. கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் வறுக்கும் கடை முன்னால் நின்றிருப்பீர்கள். மசாலா தடவிய கட்லாத் துண்டுகள் தட்டில் அடுக்கியிருக்கும், ஓரத்தில் பொடி ஜிலேபி. எண்ணெய் காய்ந்ததும் கடைக்காரர் கை பெரிய துண்டுக்குப் போனால், பொடி மீன் காத்திருக்கும். 'ஐ ஹேவ் பிக்கர் ஃபிஷ் டு ஃப்ரை' என்பதும் அதுதான்: இதைவிடப் பெரிய வேலை கிடக்கு. ஒருவர் மெனக்கெட்டுக் கொண்டுவந்த விஷயத்துக்கு இப்படிப் பதில் சொன்னால் அவர் மனசு சுருங்கும். உங்கள் வேலையைப் பற்றி மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள்.

'ஸ்மால் ஃப்ரை' என்று வந்தால் சட்டியைத் தேடாதீர்கள். அங்கே ஃப்ரை என்பது மீன்குஞ்சு. பெரிய ஆள் தப்பித்து, சில்லறை ஆட்கள் மாட்டினார்கள் என்று சொல்லும்போது வரும்.

அடுத்து நாற்றம். ஃபிஷி என்றால் 'எங்கேயோ இடிக்குது' என்று அர்த்தம். 'திஸ் பில் லுக்ஸ் ஃபிஷி' சொல்லலாம். ஆளைக் காட்டிச் சொன்னால் திருட்டுப் பட்டம் கட்டின மாதிரி ஆகிவிடும், ஜாக்கிரதை.

'ரெட் ஹெர்ரிங்' எனக்கு மிகவும் பிடித்த தொடர். ஹெர்ரிங் ஒரு கடல் மீன். உப்புப் போட்டுப் புகையில் வாட்டினால் செம்பழுப்பாகி, வாடை தூக்கும். வேட்டை நாய்களின் மோப்பத்தைக் கலைக்க இதை இழுத்துப்போனதாக 1807-இல் வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் எழுதினார். கவனத்தைத் திசைதிருப்பப் போடுவது என்ற அர்த்தம் பரவ அந்தக் கதைதான் பெரிய காரணம். மெஷின் ஏன் நின்றது என்று கேட்கும்போது கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி ஒருவர் பேச ஆரம்பித்தால், அது ரெட் ஹெர்ரிங்.

தூண்டில் தொடர்களை ஒகேனக்கல்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 'ஹூக், லைன் அண்ட் சிங்கர்' என்றால் முள், நரம்பு, ஈயக்குண்டு எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிய மீன். பொய்யை முழுசாக நம்பியவர் என்று பொருள். 'ஆஃப் தி ஹூக்' என்றால் முள்ளிலிருந்து தப்பியாச்சு.

தமிழில் ஜோடி கிடைத்தால் சேர்த்தே எழுதி வையுங்கள். வழுக்கிப் பேசுகிறவரை ஆங்கிலத்தில் விலாங்கு என்பார்கள், நாம் 'கழுவுற மீனில் நழுவுற மீன்' என்போம். 'ஸ்ப்ராட் டு கேட்ச் எ மாக்கெரல்' நம்முடைய 'இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடி'யேதான். 'லோன் ஷார்க்' கந்துவட்டிக்காரர். தமிழ்நாட்டில் 2003-இலேயே கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே முறையாக உரிமம் வாங்கித் தொழில் செய்யும் ஃபைனான்ஸ்காரரை அப்படிச் சொல்லாதீர்கள்.

கூட்டத்தில் வாயே திறக்காதவர் 'கிளாம் அப்' ஆகிறார், சிப்பி இறுக மூடிக்கொள்கிற மாதிரி. 'கோல்ட் ஃபிஷ்' (தங்க மீன் இல்லை, குளிர்ந்த மீன்) ஒட்டாத மனுஷர், 'ட்ரிங்ஸ் லைக் எ ஃபிஷ்' மொடாக்குடிகாரர். இவை காதில் விழுந்தால் புரிந்தால் போதும். இன்டர்வியூவில் நீங்கள் சொல்ல வேண்டாம்.

கடைசியாக ஃபிஷிங். உச்சரிப்பு மீன்பிடிப்பேதான், எழுத்து மட்டும் 'பி-ஹெச்' என்று தொடங்கும். 1990களின் நடுவில் இணையத்தில் பாஸ்வேர்டு திருடியவர்களோடு புழக்கத்துக்கு வந்த சொல். வேலை உறுதி, இந்த லிங்க்கைத் தட்டிப் பதிவுக் கட்டணம் கட்டு என்று போனுக்கு வரும் மெசேஜ் அந்தத் தூண்டில்தான். ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். இந்த ஒரு சொல்லை வீட்டில் அம்மா அப்பாவுக்கும் இன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.