ஸ்விட்ச் முதல் கேமரா வரை ஒரே நேரம்: அலுவலக நெட்வொர்க்கில் என்டிபி அமைப்பது எப்படி

சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்சில் 'ஷோ லாகிங்' தட்டினால் வரிகள் "*மார்ச் 1 00:04:17" என்கிற மாதிரி வருகின்றனவா? அந்த ஸ்விட்சுக்கு இன்று என்ன தேதி என்றே தெரியவில்லை என்று அர்த்தம். பேட்டரிக் கடிகாரம் இல்லாத பல கேட்டலிஸ்ட் மாடல்கள், கரண்ட் போய் வந்ததும் 1993 மார்ச் 1 நள்ளிரவிலிருந்து எண்ணத் தொடங்கும். மைக்ரோடிக் ரவுட்டர்போர்டுகள் பலவற்றில் அது 1970 ஜனவரி. வரியின் தலையில் இருக்கும் நட்சத்திரக் குறி, "இந்த நேரத்தை நம்ப வேண்டாம்" என்று சாதனமே சொல்வது. இதைச் சரிசெய்வது என்டிபி: சாதனங்கள் நெட்வொர்க் வழியே ஒரு சர்வரிடம் நேரம் கேட்டு ஒத்துப்போகும் முறை.

பேட்டரி இருந்தாலும் பெரிய ஆறுதல் இல்லை. சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால், நாளொன்றுக்கு 1.7 விநாடி. ஒரு மாதத்தில் 52 விநாடி. ஃபயர்வால் ஒரு பக்கமும் ஸ்விட்ச் மறுபக்கமும் இப்படி விலகிப் போனால், யார் எப்போது உள்ளே வந்தார் என்பதை இரண்டு லாகையும் (நிகழ்வுப் பதிவுகளையும்) வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கவே முடியாது. விண்டோஸ் டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாகினையே மறுத்துவிடும். வயர்லெஸ் கன்ட்ரோலரின் தேதி சான்றிதழின் காலவரம்புக்கு வெளியே போய்விட்டால் ஆக்சஸ் பாயின்ட்கள் சேராது. வைஃபை கோளாறு என்று ஆன்டெனாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கோளாறு கடிகாரத்தில் இருக்கும்.

இந்தியாவில் இது சட்டக் கடமையும்கூட. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு ஒத்துப்போக வேண்டும். அவற்றைப் பின்பற்றும் வேறு சர்வர்களோடு இணைத்தாலும் சரி. லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. நேரம் தப்பான லாக்கை 180 நாள் சேர்த்து வைத்து என்ன பயன்?

இனி வேலைக்கு வருவோம். கீழே வரும் கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் இருக்கின்றன. சாதனத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

நேரம் வேறு, டைம் ஸோன் வேறு

என்டிபி சுமந்து வருவது உலகப் பொது நேரமான யுடிசி மட்டுமே. அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுவது அந்தந்தச் சாதனத்தின் பொறுப்பு. ஆகவே கடிகாரம் துல்லியமாக 5 மணி 30 நிமிடம் பிசகியிருந்தால் என்டிபியைத் தொடாதீர்கள், ஸோன் அமைப்பைப் பாருங்கள். 7 நிமிடம், 43 விநாடி என்று கோணல்மாணலாகப் பிசகியிருந்தால்தான் ஒத்திசைவில் கோளாறு. பலர் செய்யும் தவறு, ஸோனை அப்படியே விட்டுவிட்டு கடிகாரத்தைக் கையால் ஐந்தரை மணி முன்னே தள்ளுவது. அடுத்த முறை என்டிபி பதில் வந்ததும் எல்லாம் பழையபடி பின்னால் போய்விடும்.

விண்டோஸ் பட்டியலில் +05:30 இரண்டு உண்டு: சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்பது ஒன்று, ஸ்ரீ ஜெயவர்தனபுர என்பது மற்றொன்று. இன்றைய நேரம் இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் இலங்கை 2006 ஏப்ரலில்தான் +05:30-க்குத் திரும்பியது, அதனால் பழைய தேதிகளுக்கு இரண்டும் ஒன்றல்ல. உங்கள் நாட்டுக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள்.

யார் யாரைக் கேட்பது

நூறு ஸ்விட்சும் தனித்தனியே இன்டர்நெட்டில் போய் நேரம் கேட்கக் கூடாது. உள்ளே மூன்று நேரச் சர்வர்கள், அவை மட்டும் வெளியே கேட்கட்டும். மற்ற எல்லாம் அவற்றைக் கேட்கட்டும். மூன்று ஏன்? ஒன்றே இருந்தால் அது சொல்வதுதான் வேதம். இரண்டு இருந்து, இரண்டும் வேறு வேறு நேரம் சொன்னால் எது பொய் என்று தீர்மானிக்க வழியில்லை. மூன்று இருந்தால் பெரும்பான்மை கிடைக்கும். வெளியே கேட்கும் இடங்கள் நான்கு இருப்பது நல்லது. ஒன்று படுத்தாலும் மூன்று மிஞ்சும்.

சாதனம் எத்தனை படி தள்ளி இருக்கிறது என்பதே ஸ்ட்ரேட்டம். ஜிபிஎஸ் அல்லது அணுக்கடிகாரத்தோடு நேரே கட்டப்பட்ட சர்வர் 1. அதைக் கேட்பது 2. இப்படி 15 வரை போகும். 16 என்றால் ஒத்திசையவில்லை என்று பொருள். எண் சிறியது என்பதற்காகத் தொலைதூரச் சர்வரைத் தேடிப் போக வேண்டாம். பக்கத்தில் இருக்கும் நிலையான 3, ஆடிக்கொண்டிருக்கும் தொலைதூர 1-ஐவிட மேல்.

உள் சர்வர்கள்: குரோனி

லினக்ஸ் பெட்டிகள் மூன்றில் குரோனி என்ற என்டிபி மென்பொருளை நிறுவுங்கள். விர்ச்சுவல் மெஷின் என்றால் மூன்றும் வேறு வேறு ஹோஸ்டில் இருக்கட்டும். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைபர்வைசர் தன் நேரத்தை அவற்றின் மேல் திணிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு பேர் ஒரே கடிகாரத்தை இழுப்பார்கள். கான்ஃபிக் கோப்பு ரெட் ஹேட் வகையில் ஈடிசி அடைவிலேயே இருக்கும்; டெபியன், உபுண்டுவில் அதற்குள் இருக்கும் குரோனி அடைவில்.

சர்வர் சமய்1.நிக்.இன் ஐபர்ஸ்ட்
சர்வர் சமய்2.நிக்.இன் ஐபர்ஸ்ட்
சர்வர் டைம்.என்பிஎல்இந்தியா.ஓஆர்ஜி ஐபர்ஸ்ட்
மேக்ஸ்டெப் 1.0 3
அலவ் 10.10.0.0/16
ஆர்டிசிசிங்க்

முதல் இரண்டு தகவலியல் மையத்துடையவை. சமய் என்பதை எஸ், ஏ, எம், ஏ, ஒய் என்று தட்டுங்கள். மூன்றாவது இயற்பியல் ஆய்வகத்துடையது. நான்காவதாக நம்பகமான பொதுச் சர்வர் ஒன்றைச் சேர்க்கலாம், கூகுளின் சர்வரைத் தவிருங்கள். பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யுடிசியில் எப்போதாவது சேர்க்கப்படும் லீப் விநாடியை, கூகுள் ஒரு நாள் முழுவதும் பரப்பிக் கரைக்கும். மற்றவர்களில் பெரும்பாலோர் அதை ஒரே நொடியில் நுழைப்பார்கள். இரண்டையும் கலந்தால் அந்த நாளில் மட்டும் சர்வர்கள் ஒன்றையொன்று பொய்யாக்கும். கடைசி லீப் விநாடி 2016 டிசம்பர் 31 யுடிசி இரவின் முடிவில் வந்தது. நமக்கு அது 2017 ஜனவரி 1, காலை ஐந்தரை மணி.

'ஐபர்ஸ்ட்' தொடக்கத்தில் அடுத்தடுத்து சில பாக்கெட்டுகளை அனுப்பிச் சீக்கிரம் ஒட்ட வைக்கும். 'மேக்ஸ்டெப்' (மேக், ஸ்டெப் என்ற இரண்டையும் சேர்த்துத் தட்டுங்கள்) வரியின் பொருள்: முதல் மூன்று திருத்தங்களுக்குள், பிசகு 1 விநாடிக்கு மேல் இருந்தால் ஒரே தாவலில் சரிசெய்; அதன்பின் மெல்ல மெல்ல மட்டுமே நகர்த்து. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கீழே கடிகாரம் பின்னோக்கித் தாவாமல் இருக்க இந்த 3 அவசியம். 'அலவ்' வரி இல்லாவிட்டால் குரோனி யாருக்கும் பதில் சொல்லாது. அடிக்கடி மறந்துபோகும் வரி இதுதான். 'ஆர்டிசிசிங்க்' சரியான நேரத்தைப் பெட்டியின் பேட்டரிக் கடிகாரத்திலும் எழுதி வைக்கும்.

இன்டர்நெட் அறுந்தாலும் உள்ளே நேரம் ஓட வேண்டுமென்றால் 'லோக்கல் ஸ்ட்ரேட்டம் 10' என்ற வரியை ஒரே ஒரு சர்வரில் மட்டும் சேருங்கள். மூன்றிலும் போட்டால் ஒவ்வொன்றும் தன் நேரமே சரி என்று தனி வழியில் போகும்.

ஃபயர்வாலில் யுடிபி 123-ஐ இந்த மூன்றிலிருந்து வெளியேயும், உள் நெட்வொர்க்கிலிருந்து இந்த மூன்றுக்கும் திறந்துவிடுங்கள். பிறகு 'குரோனிசி சோர்சஸ்'. ஒரு வரியின் தொடக்கத்தில் மேல்நோக்கிய கூர்க்குறியும் நட்சத்திரமும் சேர்ந்து வந்தால் அதுதான் இப்போது பின்பற்றும் சர்வர். கூட்டல் குறி என்றால் தகுதியானது, கேள்விக்குறி என்றால் பதில் இல்லை அல்லது இன்னும் ஏற்கப்படவில்லை, எக்ஸ் என்றால் மற்றவற்றோடு பொருந்தாத பொய்யர்.

சிஸ்கோ ஸ்விட்ச், ரவுட்டர்

கிளாக் டைம்ஸோன் ஐஎஸ்டி 5 30
சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம் எம்செக் லோக்கல்டைம் ஷோ-டைம்ஸோன்
என்டிபி சோர்ஸ் விளான்10
என்டிபி ஆதென்டிகேட்
என்டிபி ஆதென்டிகேஷன்-கீ 5 எம்டி5 உங்கள்சாவி
என்டிபி ட்ரஸ்டட்-கீ 5
என்டிபி சர்வர் 10.10.1.11 கீ 5 ப்ரிஃபர்
என்டிபி சர்வர் 10.10.1.12 கீ 5
என்டிபி சர்வர் 10.10.1.13 கீ 5

கட்டளையில் விளான் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) என்பது வி, எல், ஏ, என். 'லோக்கல்டைம்' விட்டுப்போனால் கடிகாரம் சரியாகக் காட்டும், லாக் மட்டும் யுடிசியில் வரும். 'சோர்ஸ்' வரி, கேள்வி எப்போதும் மேனேஜ்மென்ட் முகவரியிலிருந்தே கிளம்பும்படி செய்யும். ஃபயர்வால் விதியும் குரோனியின் 'அலவ்' வரியும் அதை நம்பித்தான் இருக்கின்றன. பதில் உண்மையான சர்வரிடமிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் சாவி விஷயத்தில் ஒரு பொறி உண்டு. 'ஆதென்டிகேட்' போட்டுவிட்டு, சர்வர் வரியில் 'கீ 5' சேர்க்காவிட்டால் அந்தச் சர்வரின் பதில் சரிபார்ப்பு இல்லாமலே ஏற்கப்படும். பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம், இருக்காது. அதே சாவி, அதே எண்ணோடு, குரோனியின் சாவிக் கோப்பிலும் இருக்க வேண்டும்.

பேட்டரிக் கடிகாரம் உள்ள மாடலில் 'என்டிபி அப்டேட்-கேலண்டர்' சேர்த்துக்கொள்ளுங்கள். 'என்டிபி மாஸ்டர்' என்ற கட்டளையைத் தொடவே வேண்டாம். தன் சொந்தக் கடிகாரத்தையே ஸ்ட்ரேட்டம் 8 என்று அறிவித்து, மற்றவற்றையும் தன் தவறுக்குள் இழுக்கும்.

மைக்ரோடிக் ரவுட்டர்ஓஎஸ் 7-இல் சிஸ்டம், கிளாக் பகுதியில் ஸோனை ஏசியா/கொல்கத்தா என்று வையுங்கள். சிஸ்டம், என்டிபி கிளையன்ட் பகுதியில் இயக்கிவிட்டு மூன்று ஐபியையும் கொடுங்கள். ஜூனிபரில் 'செட் சிஸ்டம் என்டிபி சர்வர்', 'செட் சிஸ்டம் டைம்-ஸோன்', பிறகு கமிட்.

377 வரும் வரை

'ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ்' தட்டியதும் பலர் நட்சத்திரத்தைத் தேடிவிட்டு மூடிவிடுவார்கள். 'ரீச்' பத்தியைப் படிக்கப் பழகுங்கள். கடைசி எட்டுக் கேள்விகளுக்குப் பதில் வந்ததா என்பதை எட்டு பிட்டில் வைத்து, எட்டடிமான எண்ணாகக் காட்டும் பத்தி அது. முதல் பதிலில் 1, பிறகு 3, 7, 17, 37, 77, 177, கடைசியில் 377. தொடக்கத்தில் 64 விநாடிக்கு ஒரு கேள்வி என்பதால் 377 வர எட்டரை நிமிடம் ஆகும். அதற்குள் கான்ஃபிக்கை மாற்றி மாற்றிப் பார்த்தால் எண்ணிக்கை மறுபடி தொடக்கத்துக்கே போகும், பொறுத்திருங்கள். 376 என்றால் கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை. 357 என்றால் கடைசியிலிருந்து ஐந்தாவது தொலைந்தது, அதன்பின் நான்கும் வந்தன. எண் அடிக்கடி இப்படி ஓட்டை விழுந்து வந்தால் லிங்கில் பாக்கெட் தொலைகிறது.

ரீச் 0-விலேயே நின்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: யுடிபி 123 அடைபட்டிருக்கிறது, குரோனியில் 'அலவ்' இல்லை, சாவி பொருந்தவில்லை, அல்லது மேனேஜ்மென்ட் விஆர்எஃப்-இல் (தனி ரூட்டிங் அட்டவணையில்) இருக்கும் சர்வரை விஆர்எஃப் பெயர் கொடுக்காமல் எழுதியிருக்கிறார்கள். ரீச் 377, ஆனால் நட்சத்திரம் வரவில்லை என்றால் எதிர்முனைச் சர்வரே ஒத்திசையாமல் 16-இல் கிடக்கிறதா பாருங்கள். விண்டோஸ் சர்வரை நேரம் கேட்கும் சிஸ்கோவிலும் இது வரும். விண்டோஸ் அறிவிக்கும் பிழை வரம்பு பெரிதாக இருப்பதால் சிஸ்கோவின் இயங்குதளமான ஐஓஎஸ் ஏற்க மறுக்கும். விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலரையும் குரோனியைக் கேட்க வைப்பதுதான் நல்ல வழி.

'ஷோ கிளாக்' காட்டும் நேரத்தின் முன்னால் நட்சத்திரம் இருந்தால் நம்பத்தகாதது. புள்ளி இருந்தால் ஒருகாலத்தில் ஒத்திசைந்து இப்போது விடுபட்டது. எதுவும் இல்லாமல் நேரம் மட்டும் வந்தால் சரி. அசோசியேஷன்ஸில் நட்சத்திரம் நல்லது, ஷோ கிளாக்கில் கெட்டது. புதியவர்கள் குழம்பும் இடம் இது.

கேமராவும் என்விஆரும்

காவல் நிலையம் வரை போகும் பதிவு, கேமராவும் அதன் காட்சிகளைச் சேமிக்கும் பெட்டியான என்விஆரும் தருவதுதான், ஆனால் நேரத்தில் அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். ஸோனை +05:30 என்று வைத்து, என்டிபி சர்வராக உள் ஐபியை, போர்ட் 123, இடைவெளி 60 நிமிடம் என்று கொடுங்கள். கேமரா விளானுக்கு இன்டர்நெட் வேண்டாம். மூன்று சர்வருக்கும் 123 மட்டும் திறந்தால் போதும். நேரம் ஏற்கெனவே 20 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தால், திருத்தும் நாளையும் அளவையும் எழுதி வையுங்கள். கடிகாரம் பின்னோக்கிப் போவதால் ஒரே நேர முத்திரையில் இரண்டு காட்சிகள் சேரும். பழைய பதிவை எடுத்துக் கொடுக்கும்போது எத்தனை நிமிடம் கழிக்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.

கதவை மூடுங்கள்

ஒத்திசைந்த சிஸ்கோ சாதனம், கேட்பவர்களுக்கெல்லாம் தானும் நேரம் சொல்லத் தொடங்கும். இன்டர்நெட் பக்கமுள்ள இன்டர்ஃபேஸில் 'என்டிபி டிசேபிள்' போடுங்கள். உள்ளே 'என்டிபி ஆக்சஸ்-குரூப் பியர் 20' என்று எழுதி, 20-ஆம் ஆக்சஸ் லிஸ்டில் (அனுமதிப் பட்டியலில்) மூன்று சர்வர்களை மட்டும் அனுமதியுங்கள். 2014-இன் தொடக்கத்தில் பழைய என்டிபி சர்வர்களின் 'மான்லிஸ்ட்' வசதியைப் பயன்படுத்தி, சிறு கேள்விக்குப் பெரும் பதிலைப் பிறர் தலையில் கொட்டும் தாக்குதல்கள் உலகெங்கும் நடந்தன. அப்படித் திறந்து கிடக்கும் பழைய பெட்டி ஒன்று உங்கள் ரேக்கிலும் இருக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் 'ரைட் மெமரி'. அலுவலகம் முடிந்தபின் ஒரு ஆக்சஸ் ஸ்விட்சை ரீலோட் செய்து, கன்சோல் கேபிளைச் செருகிப் பாருங்கள். மார்ச் 1 வரிகள் சில ஓடும். அப்லிங்க் எழுந்து சில நிமிடங்களில் தேதி இன்றைக்குத் தாவும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் மார்ச் 1 மாறவில்லை என்றால், முதலில் 'என்டிபி சோர்ஸ்' வரியில் உள்ள விளான் இயங்குநிலையில் ('அப்') இருக்கிறதா என்று பாருங்கள்.