மழைக்காலத்தில் வீட்டுக்குள் துணி: அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் துணி காயவைப்பது பெரும்பாடு. மொட்டை மாடிக் கொடி நனைந்து கிடக்கும், பால்கனியில் சாரல் அடிக்கும். கடைசியில் படுக்கையறையில் ஸ்டாண்டை விரித்து, ஃபேனை வேகமாக வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுகிறோம். காலையில் துணி காய்ந்திருக்கும். சரி, அதிலிருந்த தண்ணீர் எங்கே போனது?

சின்னக் கணக்கு ஒன்று. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். 27 டிகிரியில் அந்த அறைக் காற்று மொத்தமாகத் தாங்கக்கூடிய நீராவி சுமார் 880 கிராம். மழைநாளில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 700 கிராம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. மிச்சமுள்ள இடம் ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூடப் போதாது. மெஷினில் ஒருமுறை போட்டெடுத்த துணியிலோ இரண்டு லிட்டர் வரை தண்ணீர் இருக்கும். மீதியெல்லாம் சுவரிலும் மெத்தையிலும் தலையணையிலும் பீரோவுக்குள் இருக்கும் பட்டுப்புடவையிலும் போய் ஏறும்.

எங்கள் வீட்டில் வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோதுதான் பார்த்தோம். பின்சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கரும்புள்ளிகள். விரலால் தடவினால் மைபோல ஒட்டியது. மூன்று மழைக்காலமாகத் துணி ஸ்டாண்ட் நின்றது அந்த பீரோவை ஒட்டித்தான். மகள் தூங்குவதும் அதே அறையில். மழை தொடங்கினால் அவளுக்கு இரவு இருமலும் தொடங்கிவிடும்.

ஓதம் ஏறிய, பூஞ்சை பிடித்த வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா தொல்லை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. மெத்தையில் வாழும் தூசிப்பூச்சிகளும் ஈரக்காற்றில்தான் பெருகும். அதனால் முதலில் விட வேண்டிய பழக்கம், ஆள் தூங்கும் அறையில் துணி காயப்போடுவது. குழந்தையோ இழுப்பு உள்ள பெரியவரோ தூங்கும் அறை என்றால் கட்டாயம் வேண்டாம்.

அடுத்த தவறு ஃபேனை மட்டும் நம்புவது. ஃபேன் துணியிலிருந்து ஈரத்தை விரட்டும், அறையிலிருந்து விரட்டாது. வெளியே போக வழி வேண்டும். "மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்தால் இன்னும் ஈரம்தானே வரும்?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் வெளியே 25 டிகிரி, உள்ளே 29 டிகிரி என்றால், மழைக்காற்றில் இருப்பதைவிட துணி காயும் அறையின் காற்றில் அதிக நீராவி இருக்கும். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறப்பது நல்லதே.

அதைவிட நல்ல இடம் எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள குளியலறை. கதவைச் சாத்தி, கீழே மட்டும் காற்று நுழைய இடைவெளி விட்டு ஃபேனை ஓடவிடுங்கள். ஏசி இருந்தால், ஆள் இல்லாத அறையில் துணியை விரித்து டிரை மோடில் போடலாம். வெளியே குழாயில் சொட்டுகிற தண்ணீர், துணியிலிருந்து போனதுதான்.

கொடிக்கு வருமுன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். மெஷினில் இன்னொரு தடவை ஸ்பின் போடுங்கள். அந்தக் கொஞ்ச மின்சாரத்தைப் பார்க்காதீர்கள். அது எடுக்கும் தண்ணீர் உங்கள் சுவரில் ஏறாது. அப்புறம், ஒன்றன்மேல் ஒன்றாகத் துணியை அடுக்காமல் நடுவில் நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

துவைத்த துணியில் வரும் அந்த முடை நாற்றத்துக்கு மொராக்ஸெல்லா என்ற பாக்டீரியா காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். துணி ஈரமாகக் கிடக்கும் நேரம் நீள நீள அது பெருகும். வாசனைத் திரவத்தைக் கூடுதலாக ஊற்றினால் நாற்றம் மறையுமே தவிர பாக்டீரியா போகாது. மூடிய அறையில் அந்த வாசனையே சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். துவைத்து முடித்ததும் மெஷினிலிருந்து எடுத்துவிடுங்கள். நாற்றம் ஏறிய துண்டுகளை, துணி தாங்குமென்றால், 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

மடித்து வைக்கும் முன் ஜீன்ஸின் இடுப்புப் பட்டையையும் பாக்கெட் உள்துணியையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கைக்குக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் கன்னத்தில் ஜில்லென்று பட்டால் அது இன்னும் காயவில்லை, பீரோவுக்குள் வைக்காதீர்கள்.