வெள்ளி மாலை போய் ஞாயிறு இரவு திரும்ப: வெளிநாட்டில் நண்பர் வீட்டுக்குப் பயணம்

வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போனவர்களுக்கு ஐந்தாறு மாதத்தில் ஒரு வழக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும்: வெள்ளிக்கிழமை மாலை பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊரில் இருக்கும் நண்பரைப் பார்க்கக் கிளம்புவது. கையில் இருப்பது வெள்ளி மாலை 6 மணியிலிருந்து ஞாயிறு இரவு 10 மணி வரை, 52 மணி நேரம். இரண்டு இரவுத் தூக்கத்துக்கு 16 போக, மிச்சம் 36. அதைப் பயணம் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் வித்தை இருக்கிறது.

திரும்பும் வண்டியை முதலில் பாருங்கள்

பலரும் போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டு, வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஞாயிறு மாலை 5 முதல் 8 வரை ஊரே திரும்பும் நேரம். உட்கார இடம் கிடைக்காது, தாமதமும் அதிகம். கடைசி வண்டியை நம்பவே கூடாது. நடுவில் ஓர் இணைப்பு தவறினால் இரவு ஸ்டேஷனில்தான். கடைசிக்கு முந்தைய வண்டியை எடுத்தால், தவறினாலும் இன்னொன்று பாக்கி இருக்கும். திங்கள் விடியற்காலை வண்டி கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் அது ஒரு மணி நேரம் தாமதமானால் பதில் சொல்ல வேண்டியது மேனேஜருக்கு.

போக எவ்வளவு நேரம் என்பதை வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்கிடுங்கள். ஒன்றரை மணி நேர விமானத்துக்கு: வீட்டிலிருந்து விமான நிலையம் 60 நிமிடம், அங்கே முன்கூட்டி 90, பறப்பது 90, இறங்கி வெளியே வர 30, அங்கிருந்து நண்பர் வீடு 60. மொத்தம் ஐந்தரை மணி நேரம். அதே ஊருக்கு நாலு மணி நேர ரயில் இருந்தால், ஊருக்கு நடுவில் ஏறி ஊருக்கு நடுவில் இறங்குவதால் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உட்கார்ந்து தூங்கவும் முடியும். இரவுப் பேருந்து ஓர் இரவை மிச்சம் பிடிப்பதாகச் சொல்வார்கள். சனிக்கிழமை மதியம் வரை நண்பர் வீட்டில் குறட்டை விட்டால் என்ன மிச்சம்? ஒரு வழிக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டினால், அந்த ஊரை நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வண்டி மாற வேண்டியிருந்தால், இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால், முதல் வண்டி தாமதித்து இணைப்பு போனாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு பெரும்பாலும் நிறுவனத்துக்கு. தனித்தனியாக வாங்கியிருந்தால் நஷ்டம் உங்களுடையது; ரயிலுக்குக் குறைந்தது ஒரு மணி நேரமும், விமானத்துக்கு மூன்று மணி நேரமும் இடைவெளி விடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ரயில் 60 நிமிடம் தாமதித்தால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடம் தாண்டினால் 50 சதவீதமும் கேட்கலாம் என்பது பொது விதி. புயல், வெள்ளம் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. டிக்கெட்டை அன்றே அழித்துவிடாதீர்கள்.

காகிதங்கள்

நாட்டு எல்லை தாண்டுகிறீர்கள் என்றால் பாஸ்போர்ட்டும் வசிப்பு அனுமதி அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். போனில் இருக்கும் படம் தொலைந்தால் உதவும், சோதனையில் செல்லாது. ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனையை விலக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. அதில் ஒரு நாட்டின் வசிப்பு அனுமதி வைத்திருப்பவர், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். நுழையும் நாளும் கிளம்பும் நாளும் முழு நாளாகவே எண்ணப்படும். வெள்ளி முதல் ஞாயிறு வரை என்றால் கணக்கில் மூன்று. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை, அதற்கு விசா தனி. எல்லையில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற பேச்சை நம்ப வேண்டாம். பல உள் எல்லைகளில் சோதனை திரும்ப வந்திருக்கிறது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம், அட்டை புதுப்பிப்பில் இருக்கும் மாதங்கள். கையில் கொடுத்த தற்காலிகச் சான்று அந்த நாட்டுக்குள் செல்லும். வெளியே போய்த் திரும்ப நுழைய அது போதுமா என்பதை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யாமல் எல்லை தாண்ட வேண்டாம். ஒரே முறை நுழையும் விசாவில் வந்த புது மாணவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

இன்னொன்று நமக்கே உரிய தலைவலி: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது. முன்பதிவுப் படிவம் காலிக் கட்டத்தை ஏற்காது. உடனே அப்பாவின் இனிஷியலைப் போட்டு நகர்ந்துவிடத் தோன்றும். பாஸ்போர்ட்டில் இல்லாத எழுத்து டிக்கெட்டில் இருந்தால் கேட்டில் நிறுத்துவார்கள். ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும் விமான நிறுவனம் உண்டு, வேறு முறை சொல்வதும் உண்டு. அந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்து நிரப்புங்கள்.

நண்பரிடம் கேட்பது

"இந்த வாரம் வரட்டுமா?" என்று வியாழன் இரவு கேட்டால் நண்பர் மறுக்க மாட்டார், சங்கடப்படுவார். இரண்டு மூன்று வாரம் முன்னதாக, ஒரே செய்தியில் சொல்லுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருகிறோம், எப்போது கிளம்புகிறோம், தரையில் படுக்கத் தயார். அவர் பகிர்ந்த வீட்டில் இருந்தால் உடன் இருப்பவர்களிடமும் சொல்லிவைக்க வேண்டும். மாணவர் விடுதி என்றால் விருந்தினர் பதிவும், எத்தனை இரவு தங்கலாம் என்ற கணக்கும் இருக்கலாம். விதி மீறினால் எச்சரிக்கை போவது அவருக்கு.

முகவரியோடு மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: கதவுக் குறியீடு, மாடி, மணிப் பொத்தானில் எழுதியிருக்கும் பெயர். உள்வாடகையில் இருப்பவரின் பெயர் பொத்தானில் இருக்காது. இதை ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதுங்கள், போன் சார்ஜ் போவது இந்த மாதிரி நேரத்தில்தான்.

பையும் படுக்கையும்

20–25 லிட்டர் முதுகுப்பை போதும். இரண்டு செட் துணி, மெல்லிய துண்டு, ஒரு விரிப்பு, மருந்து, சார்ஜர், காதடைப்பான், ஈரத்துண்டு போட ஒரு பிளாஸ்டிக் பை. விமானம் என்றால் பல நிலையங்களில் இன்னமும் திரவங்கள் 100 மில்லி புட்டிகளில், ஒரு லிட்டர் பைக்குள் இருக்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் போகும், பொதுவான வரம்பு 100 வாட் ஹவர். 20,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 74 வாட் ஹவர், கவலையில்லை.

காற்று மெத்தை விடியற்காலையில் தொய்ந்துபோனால் ஓட்டை என்று முடிவு கட்டாதீர்கள். புதிதாக ஊதும்போது பிளாஸ்டிக் விரியும், இரவில் காற்று குளிர்ந்து சுருங்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊதி, படுக்கும்போது மீண்டும் கொஞ்சம் ஏற்றினால் சரியாகும். பம்ப் சத்தம் போடும், இரவு 10 மணிக்கு முன் வேலையை முடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் முதுகு நடுங்குவதற்குக் காரணம் கீழே இருக்கிறது: மெத்தைக்குள் இருக்கும் காற்று சுழன்று உடல் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். இரண்டு போர்வை கிடைத்தால் ஒன்றை அடியில் விரியுங்கள்.

அங்கே இருக்கும்போது

மூடியவுடன் தானே பூட்டிக்கொள்ளும் கதவுகள் பல நாடுகளில் உண்டு. குப்பை கொட்டக் கீழே போனாலும் சாவியோடு போங்கள். ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரரைக் கூப்பிட்டால் கொடுக்கும் தொகையில் இன்னொரு பயணமே போய்வரலாம்.

பணத்தைக் காபிக்குக் காபி பிரிக்க வேண்டாம். மளிகைச் செலவு முழுவதையும் வந்தவர் ஏற்றுக்கொள்வது சுலபமான வழி. நாலைந்து பேர் என்றால் கணக்கை ஒருவர் எழுதி, ஞாயிறு மதியம் கிளம்பும் முன் தீர்த்துவிடலாம். எப்போதும் ஒருவரே பயணம் செய்து வந்தால் டிக்கெட் பாரம் அவர் தலையில். முறை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நடுவழி ஊரில் சந்தியுங்கள்.

மார்ச் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறு. போன் தானாக மாறும், சமையலறை அடுப்புக் கடிகாரம் மாறாது. அதைப் பார்த்துக் குளிக்கப் போனவர் வண்டியை விடுவார்.

கிளம்பும்போது விரிப்பை உருவி மடித்து, மெத்தையின் காற்றை இறக்கி, கட்டிலுக்கு அடியிலும் சுவர் பிளக்குகளிலும் ஒரு பார்வை பாருங்கள். மறந்துபோகும் பொருள் பெரும்பாலும் சார்ஜர்தான்.