புளியந்தீவில் இரண்டறை வீடு வாடகைக்கு எடுப்பவர்களுக்கு: மீற்றரைப் பார்த்த பிறகுதான் முற்பணம்

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில், பழைய பசாரை அண்டிய இரண்டறை வீடு என்றால் பெரும்பாலும் மேல்மாடிதான். கீழே கடை இருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் குடும்பம் இருக்கும். வாடகையைக் குறைத்துக் கேட்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இவை.

முதலில் தண்ணீர் வடியுமா என்று பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் வாவியோடு நிலத்தடி நீரும் ஏறும். அப்போது மலசலகூடக் குழி உறிஞ்சாது. கோடையில் வீடு பார்ப்பவர்கள் மதிலடியில் வெள்ளம் நின்ற கோடு இருக்கிறதா என்று தேடுங்கள். பக்கத்து வீட்டில், “மாரியில கக்கூசுத் தண்ணி இறங்குமா?” என்றே கேளுங்கள்.

அடுத்தது கிணறு. வாவிக் கரையோரக் கிணறுகள் கோடை முற்ற முற்ற உவர்க்கும். சவர்க்காரம் நுரைக்காவிட்டால் அந்த நீர் சமையலுக்கு ஆகாது. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும். பழைய சிறு வளவுகளில் அது கிடைப்பது அரிது. ஆகவே குசினிக்குக் குழாய் நீர் இல்லாத வீட்டை நான் எடுக்கச் சொல்லமாட்டேன்.

இனி மீற்றர். பலரும் ஏமாறும் இடம் இதுதான். மேலுக்கும் கீழுக்கும் ஒரே மீற்றர் என்றால், “பில்லைப் பாதி பாதி கட்டுவம்” என்பார்கள். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகைத் தாண்டினால் விலைப்பட்டியலே மாறும். இரண்டு குடும்பமும் ஆளுக்கு 55 அலகு எரித்தால் தனித்தனியே குறைந்த பட்டியலில் நிற்கும். ஒரே மீற்றரில் 110 ஆகி இருவரும் கூடிய விலை கட்ட வேண்டிவரும். மேல்வீட்டுப் பாவனையை மட்டும் அளக்க உள்ளே உப மீற்றர் பூட்டினாலும் இது தீராது, அது அலகைத்தான் பிரிக்கும். தனி இணைப்புத்தான் சரியான வழி. அது வரும்வரை மொத்தப் பில்லை உப மீற்றர் காட்டும் அலகு விகிதத்தில் பிரிப்பதாக எழுதி வாங்குங்கள்.

தனி மீற்றர் என்று சொன்னாலும் சோதியுங்கள். உங்கள் பகுதியில் எல்லா ஆளியையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றுங்கள். டிஜிட்டல் மீற்றரில் சிவப்பு விளக்கு இன்னும் மினுங்கினால் வேறு யாரோ உங்கள் லைனில் இருக்கலாம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எழும்பக் கூடாது. கீழ்வீட்டுப் பிரிட்ஜ் ஓய்ந்திருக்கும் நேரமாகவும் இருக்கலாம். அரை மணித்தியாலம் நில்லுங்கள்.

கையெழுத்துக்கு வருவோம். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். பேசுபவர் ஐயாவாக இருப்பார், வீட்டு உறுதிப் பத்திரம் மனைவியின் பெயரிலோ மகளின் பெயரிலோ இருக்கும். உறுதியில் பெயர் உள்ளவர்தான் ஒப்பமிட வேண்டும். அவர் வெளிநாட்டில் என்றால், தன் சார்பில் ஒப்பமிட இன்னொருவருக்கு அவர் கொடுத்த அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவத்தின் பிரதியைக் கேளுங்கள். அதில் வாடகைக்கு, குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசியுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தம் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். முத்திரை ஒட்டிய வெறுந்தாளை நம்பி ஒரு வருட முற்பணம் கொடுக்காதீர்கள்.

திறப்பு வாங்கும் நாளில் மின், நீர் மீற்றர் இலக்கங்களைப் படம் எடுத்து, அவற்றை ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். பழைய நிலுவை உங்கள் தலையில் விழாது.

பின்சேர்க்கை: கீழே கடை உள்ள வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மேல்மாடிக்கு வரும் இணைப்பும் கடையின் பொதுத் தேவை வகையிலேயே இருக்கலாம், அதற்குக் கட்டண முறை வேறு. கடைசி மூன்று மாதப் பில்லை வாங்கி, வீட்டுப் பாவனை வகையா என்று பாருங்கள். இல்லையென்றால், வகையை மாற்றித் தரும் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.